தாத்தாவின் முகத்துக்கு ஏழு நிறம்: ஒரு நிகழ்வு ஆய்வு

அல்சூர் கடைவீதியை ஒட்டிய சந்து ஒன்றில், இரண்டாவது மாடியில் என் ஆயா இருக்கிறார். வயது 81. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடிய பிறகு குடும்பத்தோடு பெங்களூர் வந்தவர். தாத்தா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது என் செல்போனில் பழைய படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆயா கேட்டார்: "இதெல்லாம் எனக்கு ஒரு சட்டத்துல போட்டுக் குடுடா கண்ணு. நாள்காட்டி மாதிரி தினம் ஒண்ணு மாறணும். ஆனா கண்ணு கூசக் கூடாது."

கடையில் கிடைக்கும் டிஜிட்டல் ஃபோட்டோ சட்டம் எல்லாம் டிவி மாதிரி ஒளிரும். ஆயாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இன்னொரு கண்ணில் ஆகவில்லை. ஒளிர்கிற திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் தண்ணீர் வந்துவிடும். அதனால் மின்தாள் பக்கம் போனேன். கிண்டில் பார்த்திருப்பீர்கள், அதே வகைதான், வண்ணத்தில். தனக்கென்று ஒளி கிடையாது; அறையில் விழும் வெளிச்சத்தில் காகிதம் போலத் தெரியும். படம் மாறும்போது மட்டும் மின்சாரம் வேண்டும், மாறிய பிறகு வயரைப் பிடுங்கிவிட்டாலும் படம் அப்படியே நிற்கும்.

நான் வாங்கியது 7.3 அங்குலப் பேனல். அகலம் 800 பிக்சல், உயரம் 480. அதற்குத் தெரிந்த நிறங்கள் ஏழு: கறுப்பு, வெள்ளை, பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு. இவற்றுக்கு நடுவில் எதுவும் இல்லை. இளஞ்சிவப்பு கிடையாது, சாம்பல் கிடையாது, பழுப்பும் கிடையாது. உள்ளே சயான், மெஜந்தா, மஞ்சள், வெள்ளை என நான்கு வகை நிறத்துகள்கள் மிதக்கின்றன. மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து அவற்றில் வேண்டியதை மேலே கொண்டுவருகிறார்கள். இதனால்தான் ஒரு படம் மாற அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கிறது. ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற உள்ளங்கைக் கணினி ஒன்று கையில் இருந்தது. வயர், அடாப்டர் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் மரச்சட்டம் போட்டுக்கொண்டேன். இதெல்லாம் இரண்டு நாள் வேலை. படம்தான் மூன்று வாரம் இழுத்தது.

முதல் படம்

ஆயா முதலில் கேட்டது 1994இல் எடுத்த ஒரு படம். தங்கவயலில் சாம்பியன் ரீஃப் குவார்ட்டர்ஸ் வீட்டு வாசல். அண்ணனுக்குக் காதுகுத்திய நாள். பின்னால் நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த சுவர். தாத்தா வெள்ளை அரைக்கைச் சட்டையில், ஆயா மயில்கழுத்துப் பட்டில். இரண்டு பேருமே நல்ல கறுப்பு. வெயிலில் எடுத்த படம் என்பதால் தாத்தாவின் நெற்றியிலும் மூக்கிலும் ஒளி விழுந்திருக்கும்.

செல்போனால் பிரதி எடுத்து, 800க்கு 480 ஆக வெட்டி, பேனலோடு வந்த மாதிரி நிரலில் கொடுத்தேன். ஏழு நிறமாக அதுவே மாற்றிவிடும். பேனல் மினுக்கி மினுக்கி முடித்தது. ஆயா சட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இன்னாடா இது, உங்க தாத்தா முகத்துல பாசி புடிச்ச மாதிரி இருக்குது?"

உண்மைதான். கன்னம் முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பொடிப் புள்ளிகள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சாம்பல் பூத்த இருட்டு. சுவர் அழகாக வந்திருந்தது, சட்டையும் தேவலை. மனிதர்கள்தான் கெட்டுப்போயிருந்தார்கள். செயலிகளுக்குப் படம் வரைவது என் தொழில். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பச்சை எங்கிருந்து வந்தது

இல்லாத நிறத்தை இருக்கிற நிறங்களின் புள்ளிகளால் ஏமாற்றிக் காட்டுவதற்கு டிதரிங் என்று பெயர். அதில் எல்லோரும் கையில் எடுப்பது 1976இல் ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறை. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரியான கணக்கு அது. ஒரு பிக்சலுக்கு மிக அருகில் உள்ள நிறத்தை வைக்க வேண்டும். அசலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் கணக்கில் எழுதிவிட வேண்டும். வலப்பக்கத்துக்கு 16இல் 7 பங்கு, கீழே இடப்பக்கம் 3, நேர் கீழே 5, கீழே வலப்பக்கம் 1.

தாத்தாவின் கன்னத்தில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 110, பச்சை 75, நீலம் 55 (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும் அளவு). நல்ல பழுப்பு. ஏழு நிறத்தில் இதற்கு அருகில் உள்ளது கறுப்பு. சரி, கறுப்பை வைக்கிறது நிரல். வித்தியாசம் மொத்தமும் பாக்கி. அதில் 16இல் 7 பங்கு வலப்பக்கம் போகிறது. பக்கத்துப் பிக்சலும் இதே பழுப்பு என்றால் அது இப்போது 158, 108, 79 ஆகிவிடும். இதற்கு அருகில் ஆரஞ்சு. நிரலைப் பொறுத்தவரை ஆரஞ்சு என்றால் 255, 128, 0. அதை வைத்தால் சிவப்பில் 97 கூடுதலாகிவிடுகிறது, நீலத்தில் 79 குறைகிறது. அந்த நீலப் பாக்கி அடுத்த பிக்சலுக்கும் கீழ் வரிசைக்கும் போகிறது. இப்படியே சேர்ந்து சேர்ந்து ஓர் இடத்தில் நீலப் புள்ளியாக விழுந்தே ஆக வேண்டும். பச்சைக்கும் இதே கதைதான்.

கணக்கில் பெரிய தப்பில்லை. ஒளிரும் திரையில், எட்ட நின்று பார்த்தால், இந்தப் புள்ளிகள் எல்லாம் கலந்து ஏறக்குறைய அதே பழுப்பாகத் தெரியும். தப்பு வேறு இடத்தில் இருந்தது. பேனலின் ஆரஞ்சு 255, 128, 0 அல்ல.

ஞாயிறு காலை மொட்டைமாடிக்குப் போய், நிழலில் பேனலை வைத்து, ஏழு நிறத்தையும் கட்டம் கட்டமாகப் போட்டு, பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்துப் படம் எடுத்தேன். வெள்ளைச் சமநிலையைப் பூட்டிக்கொண்டுதான் எடுத்தேன், இல்லையென்றால் செல்போன் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும். ஒவ்வொன்றையும் அளந்தால், நிரல் நினைக்கிற எதுவும் அங்கே இல்லை. பச்சை என்பது வாடின இலை. நீலம் என்பது பழைய யூனிஃபார்ம் நிறம், கறுப்புக்குப் பக்கம். சிவப்பு மங்கல். ஆரஞ்சு ஏறக்குறைய 180, 105, 75.

அந்த மூன்று எண்ணைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 180, 105, 75 ஆரஞ்சே இல்லை, வெயில் பட்ட மனிதத் தோல். தாத்தாவின் கன்னத்துக்குத் தேவையான நிறம் பேனலிலேயே தயாராக இருந்திருக்கிறது. நிரல் அதைக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு என்று நம்பி, அடக்குவதற்காகக் கறுப்பையும் நீலத்தையும் பச்சையையும் மேலே கொட்டியிருக்கிறது.

நிரலில் ஏழு நிறத்தின் எண்களையும் அளந்தபடி மாற்றினேன். வேறு எதுவும் செய்யவில்லை. பாசியில் முக்கால்வாசி போய்விட்டது. நிறம் குறைந்த பேலட்டில் (நிறத்தொகுப்பில்) வேலை செய்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெட்டியில் எழுதியிருக்கிற நிறத்தை நம்ப வேண்டாம், பொருளை வெளிச்சத்தில் வைத்து அளந்துவிடுங்கள். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. கறுப்பும் வெள்ளையும் பாதிப் பாதி கலந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது 128 அல்ல, 188க்கு அருகில். படக் கோப்பில் இருக்கும் எண்கள் நேரான ஒளி அளவு கிடையாது என்பதுதான் காரணம். கலவைக் கணக்கை எல்லாம் நேர் ஒளி அளவுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். இதையும் சேர்த்த பிறகு இடைப்பட்ட நிறங்கள் சரியாக அமர்ந்தன.

மடியில் வைத்துப் பார்ப்பவருக்கு

மீதிப் புள்ளிகள் இருக்கத்தான் செய்தன. 7.3 அங்குலத்தில் 800க்கு 480 என்றால் ஒரு பிக்சல் 0.2 மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கு இது கலந்து தெரிய 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சுவரில் மாட்டினால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஆயா மாட்டவில்லை. சாயங்காலம் காபி குடித்துவிட்டு அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார். முப்பது சென்டிமீட்டர்கூட இருக்காது. கன்னத்தில் ஒற்றையாக ஒரு பச்சைப் புள்ளி விழுந்தாலும் மச்சம் மாதிரித் தெரியும்.

பில் ஆட்கின்சன் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்காக உருவாக்கிய டிதரிங் முறையையும் போட்டுப் பார்த்தேன். அது பாக்கியில் எட்டில் ஆறு பங்கைத்தான் பகிரும், மீதியை விட்டுவிடும். முகம் சுத்தமானது. ஆனால் நெற்றியில் இருந்த ஒளி வெந்து வெள்ளையாகிவிட்டது. வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் பாதையை மாற்றினேன். படத்தை நேரே ஏழு நிறத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் 16 தட்டையான நிறமாகக் குறைத்து, அந்த ஒவ்வொன்றையும் ஏழு நிறப் புள்ளிகளால் நானே நெய்வது என்று முடிவு செய்தேன்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் 16 நிறத்தை அதுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் மறுபடியும் அதே அநியாயம். சுவர் பெரியது, அதனால் சுவருக்கு நிறைய நீலம். சட்டைக்குக் கொஞ்சம். இரண்டு முகத்துக்கும் சேர்த்து மூன்று. தானியங்கி முறைகள் பெரும்பாலும் பிக்சல்களை எண்ணித்தான் நிறத்தைப் பங்கிடுகின்றன. 1982இல் பால் ஹெக்பெர்ட் வெளியிட்ட நடுவெட்டு முறை இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது. கூட்டம் அதிகம் உள்ள பக்கத்தை வெட்டி வெட்டி நிறம் ஒதுக்குவது அது. எது சுவர், எது தாத்தா என்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். எனக்கு இந்த வேலை முழுவதும் புரிந்தது இந்த இடத்தில்தான்: நிறம் கையில் குறைவாக இருக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று பங்கு வைப்பதுதான் படம் போடுவது, அந்தப் பங்கை எண்ணிக்கையிடம் விடக் கூடாது.

நான் வைத்த பங்கு: முகங்களுக்கும் கைகளுக்கும் ஏழு. புடவைக்கு நான்கு. சட்டைக்கும் வேட்டிக்கும் இரண்டு. முடிக்கு ஒன்று. இத்தனை பெரிய சுவருக்கு வெறும் இரண்டு. சுவர் தட்டையாகப் போனது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய கணினிகள் சிலவற்றில் இந்தப் பங்கு வைக்கும் வாய்ப்புகூட இருந்ததில்லை. 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் சிஜிஏ என்ற வண்ணத்திரை அட்டையில், 320க்கு 200 அளவில் படம் போட்டால் ஒரே நேரத்தில் நான்கு நிறம்தான். அதிகம் பழகிய தொகுப்பு கறுப்பு, சயான், மெஜந்தா, வெள்ளை. எந்த ஊர் மனிதத் தோலும் அதில் இல்லை. அதோடு ஒப்பிட்டால் ஏழு நிறம் எனக்குத் தாராளம்.

பாவும் ஊடையும்

ஆயா பிறந்தது ஆரணியில், தறி வைத்திருந்த வீட்டில். இரண்டாவது ஞாயிறு அவர் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். புடவை வரவில்லை. பச்சையும் நீலமும் தாறுமாறாகத் தெளித்தால் அழுக்குத் துணி மாதிரி இருந்தது. ஆயா பார்த்துவிட்டுச் சொன்னார்: "மயில்கழுத்துன்னா தனியா ஒரு சாயம் இல்லடா. பாவு ஒரு கலரு, ஊடை ஒரு கலரு. பச்சையும் நீலமும் எதிரெதிரா ஓடும். அதனாலதான் திரும்பினா மினுக்கும்."

மயில்கழுத்து என்று தனி நூலே கிடையாது. நீல இழையும் பச்சை இழையும் குறுக்கும் நெடுக்கும் போய், எட்டப் பார்த்தால் மூன்றாவது நிறம் ஆகிறது. டிதரிங் செய்வதும் இதுவே. பெயிண்டில் நீலமும் மஞ்சளும் குழைத்தால் பச்சை வரும். பக்கம் பக்கமாகப் புள்ளி வைத்தால் பச்சை வராது, மங்கின சாம்பல்தான் வரும். புள்ளிகள் குழைவதில்லை, சராசரியாகின்றன. இழையும் அப்படித்தான். தறிக்காரர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

அவர் சொன்னபடியே செய்தேன். புடவையில் தெளிப்பதை விட்டுவிட்டு, ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை பச்சை. மடிப்பில் இருட்டு விழும் இடத்தில் பச்சை வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு. வெளிச்சம் படும் இடத்தில் பச்சையில் நாலுக்கு ஒரு மஞ்சள். சரிகைக் கரைக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கோணலாக மாறி மாறி. பேனலில் போட்டுப் பார்த்தபோது அது துணியாக இருந்தது. பக்கத்தில் கொண்டுபோனாலும் புள்ளியாகத் தெரியாமல் நெசவாகத் தெரிந்தது.

முகத்துக்கும் இதையே கொண்டுபோனேன். நாலுக்கு நாலு கட்டம், மொத்தம் 16 புள்ளி, அதுதான் அளவுப் படி. கன்னத்துக்கு ஆரஞ்சு 12, மஞ்சள் 2, கறுப்பு 2. மூக்கின் ஓரத்து நிழலுக்கு ஆரஞ்சு 8, கறுப்பு 6, சிவப்பு 2. தாடைக்குக் கீழே கறுப்பு 10, ஆரஞ்சு 4, சிவப்பு 2. நெற்றியில் வெயில் விழும் இடத்துக்கு ஆரஞ்சு 10, மஞ்சள் 4, வெள்ளை 2. பச்சையும் நீலமும் முகத்துக்குள் வரவே கூடாது என்று வேலி போட்டுவிட்டேன். கட்டத்தை அப்படியே அடுக்கினால் கொசுவலை மாதிரி கோடு தெரிந்தது. ஒன்றுவிட்ட வரிசைகளில் இரண்டு பிக்சல் நகர்த்தி வைத்ததும் அது உடைந்தது. ஒரு நிழல் இன்னொரு நிழலைத் தொடும் ஓரத்தில் மட்டும் கையால் புள்ளி புள்ளியாக வைத்தேன். தாத்தாவின் இரண்டு கண்களுக்கே ஒரு மாலை போய்விட்டது. ஒவ்வொன்றும் ஒன்பது பிக்சல் அகலம். ஒளிப்புள்ளிக்கு வெள்ளை ஒன்றே ஒன்று. அதை ஒரு பிக்சல் இடப்பக்கம் தள்ளினால் வேறு யாரோ பார்க்கிறார்.

ஆயா பார்த்தது

மூன்றாவது ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயா வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் புடவை நல்ல நீலம், ஆகாத கண்ணில் பச்சையாக இருக்கிறது என்றார். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கும், அதனால் அப்படி. முகம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நீலத்தையும் பச்சையையும் முகத்துக்குள் விடாதது இதற்கும் உதவியிருக்கிறது. நான் திட்டமிட்டுச் செய்ததல்ல.

ஆயா கொடுத்த படங்கள் 34. அத்தனைக்கும் இப்படிக் கையால் நெய்ய முடியாது. ஆறு படம் முழுக்கக் கைவேலை. மற்றவற்றுக்கு அளந்த ஏழு நிறமும் முகத்துக்கு வேலியும் போட்டு நிரலிடம் விட்டேன். மடியில் வைத்துப் பார்த்தாலும் பாதகமில்லாமல் வருகின்றன. மூன்று படத்தைக் கைவிட்டேன். ஒன்று ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்தது. இன்னொன்றில் பேனல் அளவுக்குக் குறைத்ததும் ஆள் யார் என்றே தெரியவில்லை. மூன்றாவது கல்யாணத்தில் நாற்பது பேர் நிற்கும் படம். ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு பிக்சல் அகலம்தான் கிடைக்கிறது, அதில் நாலுக்கு நாலு கட்டம் மூன்றுதான் அடங்கும். அந்தப் படத்தைக் காகிதத்தில் பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒரு படத்தின் கோப்பு 1,92,000 பைட். பிக்சலுக்கு நாலு பிட் என்பதால் எல்லாப் படத்துக்கும் இதே அளவு. காலை ஆறு மணிக்குப் படம் மாறுகிறது. மாறும்போது திரை அரை நிமிடம் மினுக்குவதை ஆயா கிட்டே நின்று பார்க்கிறாராம்.

காதுகுத்துப் படத்தை அவர் அன்று கையில் வைத்தபடி இருந்தார். கடைசியில் விரலைச் சட்டைப் பையின் மேல் வைத்தார்.

"பேனா எங்கடா?"

தாத்தா வெகுகாலம் சுரங்கத்துக்குள் இறங்கினவர். கடைசி எட்டு வருடம் மேலே டைம் ஆபீஸில் ஆஜர் எழுதினார். அந்த வேலை கிடைத்ததிலிருந்து சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே போனதில்லை. அசல் படத்தில் நீல மூடி தெரிகிறது. நான் சட்டைக்கு இரண்டே நிறம் ஒதுக்கியபோது அது வெள்ளையில் கரைந்துபோயிருக்கிறது. லேப்டாப்பை அங்கேயே திறந்து வைத்தேன். இரண்டு பிக்சல் அகலம், ஆறு உயரம், பன்னிரண்டு நீலப் புள்ளி. கிளிப்புக்காக மேலே ஒரு மஞ்சள். பேனல் மினுக்கி முடிக்கும்வரை ஆயா சட்டத்தைக் கீழே வைக்கவில்லை.